கதீட்டர் பள்ளத்தாக்கு: ஒரு மருத்துவக் கருவி ஆலை எப்படி மூடப்படுகிறது

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் கிளென்ஸ் ஃபால்ஸ் வட்டாரத்தில் கதீட்டர் (உடலுக்குள் செலுத்தும் மெல்லிய மருத்துவக் குழாய்) செய்யும் வேலை மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவுக்கும் வெளி ஒப்பந்தக்காரர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறதே, கூலி மலிவு என்பது மட்டும்தானா காரணம்? ஆலைக்குள் இது எப்படி நடக்கிறது? உற்பத்தி லைனில் உட்கார்ந்து வேலை செய்பவர் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்டு வாங்கலாம்?

பதில்: கூலி பெரிய காரணம்தான். ஆனால் அதே அமெரிக்காவில் சில மருத்துவப் பொருட்கள் இன்றும் உள்ளூரிலேயே தயாராகின்றன, சில மட்டும் போகின்றன. ஏன் என்று பார்த்தால்தான் கணக்கு புரியும். இரண்டாவது கேள்விக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அறிவிப்புப் பலகையில் கடிதம் ஒட்டும் நாளில் ஆலை மூடப்படுவதில்லை. அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே மூடல் ஆரம்பித்துவிடுகிறது. அந்தக் காலம் முழுக்க நிர்வாகம் லைன் ஆட்களின் கையை நம்பித்தான் இருக்கிறது. தாங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தொழிலாளிக்குத் தெரிந்தால் அவர் கையில் கொஞ்சம் பலம் உண்டு. தெரியாவிட்டால் அதுவும் இல்லை.

முதலில் ஊரைப் பற்றி. ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ளது கிளென்ஸ் ஃபால்ஸ். பக்கத்தில் குயின்ஸ்பரி, ஆர்கைல். காகித ஆலைக்கும் பால் பண்ணைக்கும் பேர்போன பகுதி. இங்கே கதீட்டர் தொழிலைக் கொண்டுவந்தவர் டேவிட் ஷெரிடன் (1908–2004). எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அதுவரை பல கதீட்டர்கள் பின்னிய நூலின் மேல் வார்னிஷ் பூசியவை. ஒரு நோயாளிக்குப் போட்டதைக் கழுவி, கொதிக்க வைத்து அடுத்தவருக்குப் போடுவார்கள். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் குழாயை அவர் கொண்டுவந்தார். கம்பெனி தொடங்குவார், விற்பார், மறுபடி தொடங்குவார். அவரிடம் வேலை கற்றவர்கள் சுற்றுவட்டாரமெங்கும் பரவினார்கள். வட்டாரத்துக்கே ‘கதீட்டர் பள்ளத்தாக்கு’ என்று பெயர் வந்தது.

அவர் ஆர்கைலில் நிறுவிய ஆலை மாலின்கிராட் என்ற கம்பெனியின் கைக்குப் போனது. மாலின்கிராட்டை 2000ல் டைகோ வாங்கியது. 2007ல் டைகோவின் மருத்துவப் பிரிவு தனியாகப் பிரிந்து கோவிடியன் ஆனது. 2015 ஜனவரியில் கோவிடியனை மெட்ரானிக் வாங்கியது. ஆலை அதே இடத்தில்தான் நின்றது. அதன் தலைவிதியை முடிவு செய்யும் மேசைதான் ஒவ்வொரு விற்பனையிலும் இன்னும் தூரமாகப் போனது. 2012ல் கோவிடியன் ஆர்கைலில் செய்த வேலையில் ஒரு பகுதியைக் கோஸ்டா ரிக்காவுக்கு மாற்றுவதாக அறிவித்தபோது சுமார் 200 வேலைகள் போவதாகச் செய்தி வந்தது. குயின்ஸ்பரியில் 1988ல் பிறந்த மருத்துவக் கருவிக் கம்பெனியான ஆஞ்சியோடைனமிக்ஸ் 2024 ஜனவரியில், உற்பத்தி முழுவதையும் வெளி ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைக்கப் போவதாக அறிவித்தது. மாற்றும் வேலை முடியும்போது ஆண்டுக்கு சுமார் 1.5 கோடி டாலர் மிச்சமாகும் என்பது கம்பெனி முதலீட்டாளர்களுக்குச் சொன்ன கணக்கு.

இனி அந்தக் கணக்கு. மருத்துவப் பொருள் வெளிநாடு போவதும் போகாததும் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது: ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் கைவேலை. விளக்கத்துக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கதீட்டருக்கு 10 நிமிடம் கைவேலை. அமெரிக்காவில் சம்பளம், காப்பீடு, வரி எல்லாம் சேர்த்து மணிக்கு 30 டாலர் என்றால் பீஸுக்கு 5 டாலர். வெளியே மணிக்கு 7.50 என்றால் 1.25 டாலர். வித்தியாசம் 3.75. கப்பல், விமானம், கூடுதல் சரக்கு இருப்பு, என்ஜினீயர்களின் பயணம் என்று 50 சென்ட் கழித்தால் 3.25. ஆண்டுக்கு 10 லட்சம் பீஸ் செய்தால் 32.5 லட்சம் டாலர். மாற்றும் செலவு 65 லட்சம் ஆனால்கூட இரண்டே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இந்த ஸ்லைடைப் போட்டுக் காட்டினால் எந்த நிர்வாகக் குழுவும் மறுப்பு சொல்லாது.

இதே கணக்கை ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குப் போட்டுப் பாருங்கள். மோல்டிங் மெஷின் ஒரே அடியில் பல பேரலை (சிரிஞ்சின் உருளையை) உதிர்க்கிறது. அசெம்பிளி, அச்சு, பேக்கிங் எல்லாம் மெஷின். கைவேலை பீஸுக்கு ஓரிரு விநாடி. கூலியில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை; காலி சிரிஞ்சு பெட்டியில் பாதி காற்று, கப்பலில் ஏற்றினால் இடம்தான் அடைக்கும். அதனால்தான் பிடி (BD) என்ற மருத்துவப் பொருள் கம்பெனி நெப்ராஸ்காவிலும் கனெக்டிகட்டிலும் இன்றும் சிரிஞ்சு செய்கிறது. கதீட்டர் அப்படி இல்லை. மெல்லிய குழாயில் பலூனை ஒட்ட வேண்டும், நுனியை உருட்ட வேண்டும், துளை போட வேண்டும், பின்முனையில் ஹப் என்ற இணைப்பியைப் பொருத்த வேண்டும். ஒரே மாடல் லட்சக்கணக்கில் ஓடுவதும் அபூர்வம். நீளம், தடிமன், நுனியின் வளைவு என்று நூற்றுக்கணக்கான வகைகள். அதற்கு மெஷின் கட்டினால் முதலீடு திரும்பாது. கைதான் மலிவு. கைதான் மலிவு என்றானதும் கேள்வி “எந்த ஊர்க் கை?” என்று மாறிவிடுகிறது.

அடுத்தது வரி. கோஸ்டா ரிக்காவின் சுதந்திர வர்த்தக மண்டலங்களில் தகுதி பெற்ற கம்பெனிக்கு முதல் 8 வருடம் வருமான வரி கிடையாது, அடுத்த 4 வருடம் பாதி. அமெரிக்க மத்திய வரி 2018 முதல் 21%. ஆலை அங்கே இருந்தால் லாபத்தில் ஒரு பகுதியையும் அங்கேயே காட்டலாம். பல சமயம் கூலியில் கிடைக்கும் மிச்சத்தைவிட இது பெரிது. அலாஹுவேலா நகருக்குப் பக்கத்தில், விமான நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது கொயோல் மண்டலம். அங்கே ஆலைகள் நெருங்கி நிற்கின்றன; எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கும் சுத்திகரிப்பு, பேக்கிங், மோல்டு பழுதுபார்ப்பு என்று துணைத் தொழில்களும் சேர்ந்துவிட்டன. முதலில் போனவர்களுக்கு இருந்த சிரமம் இருபதாவதாகப் போகிறவருக்கு இல்லை.

வரியால் வரும் ஆலை வரியாலேயே போகும் என்பதற்கு அமெரிக்காவுக்குச் சொந்தமான கரீபியன் தீவு போர்ட்டோ ரிக்கோ உதாரணம். அமெரிக்க வரிச் சட்டத்தின் 936ஆம் பிரிவை நம்பி மருந்து, மருத்துவக் கருவிக் கம்பெனிகள் அங்கே குவிந்தன. 1996ல் அந்தச் சலுகையை ரத்து செய்து, 10 வருடத்தில் படிப்படியாக முடித்தார்கள். 2006க்குப் பிறகு தீவின் பொருளாதாரம் சரிந்துகொண்டே போனது.

சரி, 2.3% மருத்துவக் கருவி வரி? 2013 ஜனவரியில் அது அமலுக்கு வந்ததையொட்டி ஆட்குறைப்பு செய்த பல கம்பெனிகள் பழியை அதன் மேல் போட்டன. இந்த வாதத்தை ஏற்க முடியாது. அந்த வரி அமெரிக்காவில் விற்கும் பொருளுக்கு. எங்கே செய்தது என்று அது பார்க்கவில்லை. கோஸ்டா ரிக்காவில் செய்து கொண்டுவந்தாலும் கட்ட வேண்டும். அமெரிக்காவில் செய்து ஏற்றுமதி செய்தால் கட்ட வேண்டாம். ஆலையை இடம் மாற்றுவதால் அந்த வரியில் ஒரு டாலர்கூட மிச்சமாகாது. 2016 முதல் அதை நிறுத்தி வைத்து, 2019 டிசம்பரில் அடியோடு நீக்கினார்கள். ஆலைகளை நகர்த்தும் கணக்கு அதற்குப் பிறகும் மாறவில்லை. ஆஞ்சியோடைனமிக்ஸ் அறிவிப்பு வந்ததே வரி போய் நாலு வருடம் கழித்துத்தான். உண்மையான நெருக்கடி மருத்துவமனைகளின் கூட்டுக் கொள்முதல் அமைப்புகளிடமிருந்து வருகிறது. ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளுக்கு ஒரே ஒப்பந்தம். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் விலை இறங்க வேண்டும். சாதாரண சிறுநீர்க் கதீட்டருக்கும் மூச்சுக்குழாய் டியூபுக்கும் போட்டி முழுக்க சென்ட்களில்தான்.

இப்போது ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

மேலே முடிவாகிவிட்டால் கீழே தெரியும் முதல் அறிகுறி, புது மெஷின் கேட்டால் பதில் வராமல் இருப்பது. பழுதானதைச் சரி செய்வார்கள், மாற்ற மாட்டார்கள். காலி இடங்களுக்கு நிரந்தர ஆள் எடுக்காமல் ஏஜென்சி ஆட்களைப் போடுவார்கள். அடுத்து, செய்முறைத் தாள்களையெல்லாம் திருத்தி எழுதும் வேலை தொடங்கும்: “படம் சேருங்கள், ஒவ்வொரு அடியாகப் பிரியுங்கள்” என்பார்கள். பிறகு கேமராவும் ஸ்டாப் வாட்சும் வரும். இதில் ஒன்று மட்டும் நடந்தால் அது வழக்கமான சீரமைப்பாகவும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்து, அதோடு காரணம் சொல்லாமல் ஓவர்டைம் எகிறி, விற்பனை கூடாதபோதும் கிடங்கு நிரம்பினால் சந்தேகப்படலாம். அது இடைக்காலச் சரக்கு. புது ஆலை தடுமாறும் மாதங்களில் மருத்துவமனைக்கு அனுப்பச் சேர்த்து வைப்பது. ஆறு மாதத்துக்கான சரக்கு சாதாரணம். சில நாடுகளில் உற்பத்தி முகவரி மாறினாலே மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் சந்தைகளுக்கு இன்னும் அதிகம் சேர்ப்பார்கள். ஓவர்டைம் பணம் கைக்கு வரும் இந்த மாதங்களில்தான் பலர் புதுக் கார் வாங்குகிறார்கள், வீட்டுக் கடன் எடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது அதுதான் மிகவும் வலிக்கிறது.

இடமாற்றத்தில் எஃப்.டி.ஏ.வின் (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின்) பங்கு பொருளின் வகையைப் பொறுத்தது. பெரும்பாலான கதீட்டர்கள் 510(கே) வழியில், அதாவது ஏற்கெனவே சந்தையில் உள்ள பொருளுக்கு இணையானது என்று காட்டி, அனுமதி பெற்ற இரண்டாம் வகுப்புப் பொருட்கள். வடிவமும் பொருளும் மாறாமல் இடம் மட்டும் மாறினால் பொதுவாகப் புது விண்ணப்பம் வேண்டாம். மதிப்பீட்டை எழுதிக் கோப்பில் வைத்து, புது ஆலையைப் பதிவு செய்தால் போதும். உயிருக்கு நேரடி ஆபத்துள்ள மூன்றாம் வகுப்புக் கருவிகளுக்குத்தான் இடமாற்ற விண்ணப்பம், 180 நாள் பரிசீலனை எல்லாம். ஆகவே “அரசு தடுக்கும்” என்று லைனில் யாராவது நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

நேரம் உண்மையில் போவது வாலிடேஷனில், அதாவது புது லைன் நல்ல பொருளைத் தருகிறது என்று சோதித்து நிரூபிப்பதில். மெஷின் சரியாகப் பொருத்தப்பட்டதா, அமைப்பு எல்லைகளின் இரு முனைகளிலும் நல்ல பீஸ் வருகிறதா, வழக்கமான ஓட்டத்தில் தொடர்ந்து வருகிறதா என்று மூன்று படி. கடைசிப் படியில் வழக்கமாக மூன்று லாட் (ஒரே தொகுதியாகச் செய்யும் பீஸ்கள்). மாதிரி எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் உண்டு: 95% நம்பிக்கையோடு 95% பீஸ் நல்லது என்று சொல்ல 59 மாதிரி சோதித்து ஒன்றுகூடத் தவறக் கூடாது, 99% நல்லது என்று சொல்ல 299. பிறகு சுத்திகரிப்பு: புதுப் பேக்கிங், புதுச் சேம்பர் என்றால் அதற்குத் தனி வாலிடேஷன், எஞ்சிய எத்திலீன் ஆக்சைடு அளவு. பிறகு ஆயுட்காலச் சோதனை: 55 டிகிரி செல்சியஸில் வைத்தால் சுமார் 40 நாள் ஒரு வருடத்துக்குச் சமம் என்று கணக்கு; 5 வருட ஆயுள் என்று உறையில் அச்சிட சுமார் 200 நாள். இதையெல்லாம் கூட்டினால் ஒரு பொருள் வரிசைக்கே ஒன்றரை வருடம் ஓடிவிடும்.

அந்த 299ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆயிரத்தில் ஒரு பீஸ் பழுதாக வரும் லைன் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 299 மாதிரியில் அந்தப் பழுது ஒன்றுகூடச் சிக்காமல் போக வாய்ப்பு ஏறத்தாழ 74%. நாலு தடவை சோதித்தால் மூன்று தடவை அந்த லைன் பாஸ். ஆண்டுக்கு 10 லட்சம் பீஸ் என்றால் ஆயிரம் பழுதுகள் கையிலிருந்து நழுவிப் போகும் வழி அது. பழைய ஆலையில் அந்தப் பழுதைப் பிடித்தது புள்ளியியல் இல்லை. இருபது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவரின் கட்டைவிரல்.

மிகைப்படுத்திச் சொல்வதாகத் தோன்றினால் சில இடங்களைக் காட்டுகிறேன்.

குழாய் இழுக்கும் இடம். பாலியூரித்தேன், பீபாக்ஸ் போன்ற மூலப்பொருட்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எக்ஸ்ட்ரூடரில் (உருக்கிக் குழாயாக இழுக்கும் மெஷினில்) போடும் முன் சுமார் 80 டிகிரியில் 4 மணி நேரமாவது உலர் காற்றில் காய வைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் குழாய்ச் சுவரில் குமிழி வரும். அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சேதம் ஒன்றும் உண்டு: சூட்டில் ஈரம் மூலக்கூறு சங்கிலிகளை அறுத்துவிடும், குழாய் பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் சீக்கிரம் அறும். கிளென்ஸ் ஃபால்ஸ் குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும். ஹாப்பர் (மூலப்பொருள் கொட்டும் தொட்டி) மூடியைப் பத்து நிமிடம் திறந்து வைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. செய்முறைத் தாளிலும் மூடியைப் பற்றி வரி இருக்காது. மே முதல் நவம்பர் வரை மழை பெய்யும் அலாஹுவேலாவில் அந்தப் பத்து நிமிடம் ஒரு லாட்டைக் கெடுக்கப் போதும்.

பி.வி.சி. குழாயை ஹப்போடு ஒட்டும் இடம். சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பானில் நனைத்துச் செருகுவார்கள். தாளில் “கோடு வரை நனைக்கவும், உடனே செருகவும்” என்று இருக்கும். குறைந்தால் இணைப்பு கழன்று வரும். கூடினால் குழாய் மென்மையாகி, நாள்பட்டபின் அந்த இடத்தில் வெடிப்பு விடும். பசை கலந்த கரைப்பான் திறந்த கிண்ணத்தில் ஆவியாகிக் கெட்டிப்படும். அனுபவசாலி அதன் வடியும் வேகத்தைப் பார்த்தே கிண்ணத்தை மாற்றிவிடுவார். எத்தனை மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்காது, ஏனென்றால் யாரும் அவரைக் கேட்டதில்லை.

நுனி உருட்டும் இடம். குழாயைச் சூடான அச்சுக்குள் தள்ளி நுனியை வழவழப்பாக்குவார்கள். அச்சு தேயத் தேய விளிம்பில் மெல்லிய பிசிறு வரும். அது சிறுநீர்ப்பாதையையோ ரத்தக்குழாயையோ கீறும். தேய்ந்த அச்சுக்குக் கீழே மெல்லிய தகடு வைத்துச் சரி செய்திருப்பார்கள். வரைபடத்தில் அந்தத் தகடு இல்லை. வரைபடத்தைப் பார்த்துப் புது அச்சு செய்தால் அளவு சரியாக இருக்கும், நுனி சரியாக வராது. “வரைபடப்படிதான் செய்தோம்” என்று அங்கே சொல்வார்கள், அதுவும் உண்மைதான்.

மூச்சுக்குழாய் டியூபின் கஃப், அதாவது காற்று நிரப்பும் சிறு பலூன். நோயாளியின் தொண்டைக்குள் அது 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்தில் பல நாள் நிற்க வேண்டும். சோதனை மேசையில் ஒரு நிமிடம் தாங்கிய ஊசித்துளை, ஐ.சி.யூ.வில் நாலு மணி நேரத்தில் காற்றை விட்டுவிடும். கஃபை ஒட்டும்போது ஓரத்தில் விழும் ஒரு சுருக்கம்தான் பெரும்பாலும் மூலம். அந்தச் சுருக்கத்தை விரலால் உணர்ந்து அப்போதே ஒதுக்குகிறவர் ஒருவர் போனால், அவர் ஒதுக்கியது எவ்வளவு என்ற கணக்குகூட ஆலையில் இருக்காது. ஸ்கிராப் தொட்டியில் எல்லாம் ஒரே எடைதான்.

இதற்குக் கோஸ்டா ரிக்கா தொழிலாளர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. மூன்று வருடத்தில் அவர்களும் அதே விரலைப் பெற்றுவிடுகிறார்கள். அந்த நாட்டின் ஏற்றுமதியில் மருத்துவக் கருவிகள் முதலிடத்துக்கு வந்தது திறமையால்தான். அவர்களுக்கும் நிச்சயமில்லை: இன்டெல் 2014ல் அங்கிருந்த தன் அசெம்பிளி ஆலையை மூடி ஆசியாவுக்குக் கொண்டுபோனபோது சுமார் 1,500 பேர் வேலை இழந்தார்கள். குறை இருப்பது மாற்றும் முறையில்: எழுதாத அறிவுக்கு மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுவதில். ஆட்களை அனுப்பிவிட்டுத் தாளை மட்டும் அனுப்பினால் இடைப்பட்ட அந்த மூன்று வருடத்தின் செலவை மருத்துவமனைகள்தான் கொடுக்கின்றன. இன்னொன்று, உற்பத்தி முழுக்க ஒரே இடத்தில் குவிவது. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்தபோது, பாக்ஸ்டர் என்ற கம்பெனியின் ஆலைகள் நின்று சிறிய சலைன் பைகளுக்கு அமெரிக்கா முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. நர்ஸ்கள் மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக் கையால் செலுத்த வேண்டியிருந்தது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தில் என்ன இருக்கிறது?

1988ன் வார்ன் சட்டம்: 100 முழுநேர ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, ஓர் இடத்தில் 50 பேருக்கோ அதற்கு மேலோ வேலை போகும்படி ஆலையை மூடினால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நியூயார்க் மாநிலச் சட்டம் இன்னும் கடுமை: 50 ஊழியர் உள்ள கம்பெனி, 25 பேர் வேலை இழந்தாலே போதும், 90 நாள். அறிவிப்பு தராவிட்டால் 60 நாள் வரையான சம்பளமும் சலுகைகளும் தர வேண்டியிருக்கும். இங்கே பலர் ஏமாறும் இடம், சிறு சிறு கும்பலாக அனுப்புவது. மத்திய சட்டப்படி 90 நாளுக்குள் நடக்கும் தனித்தனி ஆட்குறைப்புகளைப் பொதுவாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். தனித்தனிக் காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. ஆகவே யார் எந்தத் தேதியில் போனார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

வார்ன் சட்டம் ஆலையை மூடாதே என்று சொல்வதில்லை, முன்னால் சொல் என்று மட்டும்தான். மத்திய சட்டத்தில் பிரிவுப் பணத்துக்கும் (வேலையை விட்டு அனுப்பும்போது தரும் தொகைக்கும்) கட்டாயம் இல்லை; அது கம்பெனி கொடுப்பது. அதனால்தான் அதற்கு ஈடாக ஒரு பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள்: “இனி கம்பெனி மேல் வழக்குப் போட மாட்டேன்.” 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களிடம் வயதுப் பாகுபாட்டு உரிமையையும் விட்டுக்கொடுக்கச் சொல்லும் பத்திரம் என்றால், கூட்டமாக அனுப்பும்போது யோசிக்க 45 நாள் தர வேண்டும், கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று பதவியும் வயதும் போட்ட பட்டியலும் தர வேண்டும். அந்தப் பட்டியலை முதலில் படியுங்கள். “இன்று கையெழுத்திட்டால்தான்” என்று யாராவது அவசரப்படுத்தினால் அதையே ஒரு வக்கீலிடம் காட்டலாம்.

பேரம் பேசும் நேரம் எது என்றால், பிரிவுக் கடிதம் வரும் நாள் இல்லை, புது ஆலையிலிருந்து பயிற்சிக்கு ஆள் வரும் நாள். அல்லது உங்களை அங்கே அனுப்பக் கேட்கும் நாள். வாலிடேஷன் தேதிகள் உங்களை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள். அப்போது கடைசி நாள் வரை இருப்பதற்கான போனஸ், பயிற்சி கொடுப்பதற்குத் தனித் தொகை, கடைசித் தேதி தள்ளிப்போனால் கூடுதல் தொகை ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். “கம்பெனி விருப்பப்படி மாற்றலாம்” என்ற வரி இருந்தால் அந்தப் போனஸை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பயிற்சிக்கு வருபவரிடம் கோபத்தைக் காட்டுவதில் பயனில்லை. அவர் உங்களைப் போலவே லைனில் நிற்பவர்.

முன்பு ஒரு பெரிய உதவி இருந்தது. வெளிநாட்டுக்கு வேலை போனதால் வேலை இழந்தவர்களுக்கான வர்த்தகச் சரிக்கட்டு உதவித் திட்டம்: மறுபயிற்சிக் கட்டணம், பயிற்சிக் காலத்தில் வருமான உதவி, 50 வயதுக்கு மேற்பட்டவர் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தால் வித்தியாசத்தில் பாதி, இரண்டு வருடத்தில் 10,000 டாலர் வரை. 2022 ஜூலை 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்குச் சான்று தரும் அதிகாரம் காலாவதியாகிவிட்டது; காங்கிரஸ் புதுப்பிக்கவில்லை. கதீட்டர் தொழிலாளிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற திட்டம் அது. அதைச் சாகவிட்டது பெரிய தவறு.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு பொறி. கோப்ரா சட்டப்படி 18 மாதம் வரை பழைய காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து, 102% வரை, நீங்களே கட்ட வேண்டும். கம்பெனி எல்லாக் குழுக் காப்பீட்டையும் அடியோடு நிறுத்திவிட்டால் கோப்ராவும் இல்லை. காப்பீடு போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் புதுக் காப்பீடு எடுக்கலாம். அந்தத் தேதி தவறினால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரும்.

வேலையில்லாப் படிக்கு முதல் வாரமே விண்ணப்பியுங்கள். நியூயார்க்கில் கடைசி வேலை நாளுக்குப் பிந்தைய 30 நாளுக்குள் பிரிவுப் பணம் வரத் தொடங்கி, அதன் வாரத் தொகை உச்சப் படியைவிட அதிகமாக இருந்தால் அந்த வாரங்களுக்குப் படி கிடைக்காது. ஆனால் விண்ணப்பமே போடாமல் இருப்பது தவறு. 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் கம்பெனி போட்ட பங்கு உங்களுக்கு முழுதாகச் சேரவில்லையா? ஆட்குறைப்பு ஊழியர்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் பெரும்பாலும் அது திட்டத்தின் பகுதி முடிவாகக் கருதப்பட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு முழுப் பங்கும் சேர வேண்டும். மனிதவளப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். 55 வயது ஆகும் வருடத்திலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டவர், அந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்து 10% அபராதமின்றிப் பணம் எடுக்கலாம். அதே பணத்தை ஐ.ஆர்.ஏ. (தனிநபர் ஓய்வுச் சேமிப்பு) கணக்குக்கு மாற்றிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அவசரப்பட்டு மாற்றுபவர்கள் நிறைய.

அடுத்த வேலைக்கு: மால்டாவில் குளோபல் ஃபவுண்ட்ரீஸின் சிப் ஆலை, ரென்செலரில் ரெஜெனரானின் மருந்து உற்பத்தி, இரண்டும் காரில் போகும் தூரம். இரண்டிலும் கிளீன் ரூம் (தூசி கட்டுப்படுத்திய அறை) பழக்கம் உள்ளவருக்கு மதிப்பு உண்டு. பயோடேட்டாவில் ‘அசெம்பிளர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். எந்த வகுப்புக் கிளீன் ரூம், மைக்ரோஸ்கோப்பின் கீழ் என்ன அளவில் வேலை, லாட் பதிவேடு எழுதியது, வாலிடேஷன் லாட் ஓட்டியது, எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தது, கசிவுச் சோதனையும் சீல் உரிப்புச் சோதனையும் செய்தது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பயிற்சிச் சான்றுகளின் நகல் ஆலையின் கோப்பில் இருக்கும். கணினி அனுமதி நிற்பதற்கு முன், கடைசி வாரத்துக்குக் காத்திருக்காமல், அவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.